ஈஸ்ட் ஹாமில் ஏழு வாரம்

லண்டனுக்குப் போய்வந்தவர்கள் அரண்மனைகளையும் பாலங்களையும் பற்றி எழுதுவது வழக்கம். அவற்றை நாங்களும் பார்த்தோம். இரண்டே நாட்களில் பார்த்து முடித்துவிட்டோம். மீதி நாற்பத்தேழு நாட்களும் ஈஸ்ட் ஹாம் என்னும் பகுதியில் ஒரு வீட்டில் சமைத்து, துவைத்து, பிள்ளைகளை அடக்கிக்கொண்டு இருந்தோம். அந்த நாற்பத்தேழு நாட்களைப் பற்றியே இங்கே எழுதுகிறோம். உடன்பிறந்தார் ஒருவரேனும் கடல் கடந்து வாழாத குடும்பம் நம் சங்கத்தில் இன்று அரிது. ஆகவே அன்பர்களுக்கு இது அந்நியமாக இராது என்று நம்புகிறோம்.

மே மாதம் இரண்டாவது வாரத்தில், தில்லியின் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது புறப்பட்டோம். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், எங்களோடு வசிக்கும் அம்மா, ஆக ஐவர். பெட்டிகளில் அப்பளம், வடகம், புளி, சாம்பார்ப் பொடி எல்லாம் இருந்தன. நெய் மட்டும் இல்லை. இந்தியாவிலிருந்து பால்பொருட்களைப் பிரிட்டனுக்குள் கொண்டுசெல்லக் கூடாது என்று அண்ணன் முன்கூட்டியே எழுதியிருந்தார். அம்மாவுக்கு அது பெரிய வருத்தம். பிள்ளை வீட்டுக்குத் தம் கையால் உருக்கிய நெய் இல்லாமல் போவதா என்று விமானத்தில் ஏறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு வேறொரு வருத்தம் இருந்தது. அதை இங்கே மறைப்பதற்கில்லை. அண்ணன் அங்கே குடியேறிப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு கோடை விடுமுறையிலேனும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தில்லிக்கு வந்து எங்களோடு தங்கியதில்லை. தந்தையார் காலமானபோது வந்தவர், காரியங்கள் முடிந்த மறுநாளே திரும்பிவிட்டார். பணம் அனுப்புவதில் குறை வைத்ததில்லை. ஆனால் பணம் வரும் ஒவ்வொரு முறையும், ஆள் வரவில்லையே என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழும்.

ஈஸ்ட் ஹாம் லண்டனின் கிழக்குப் பகுதி. 1965 வரை அது எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்த தனி நகரம். அவ்வாண்டில் வெஸ்ட் ஹாமோடு இணைந்து நியூஹாம் என்ற பெயரில் லண்டன் மாநகரோடு சேர்ந்தது. 1903இல் திறந்த செந்நிறச் செங்கல் நகர மண்டபமும் அதன் மணிக்கூண்டும் பழைய பெருமையைச் சொல்லிக்கொண்டு நிற்கின்றன. வீடுகள் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒன்றோடொன்று ஒட்டியவை. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். அண்ணன் வீட்டில் மாடியில் மூன்று அறைகள். மூன்றாவதில் ஒரு கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது. குளியலறை ஒன்று. நாங்கள் போய்ச் சேர்ந்ததும் வீட்டில் ஒன்பது பேர்.

ஹை ஸ்ட்ரீட் நார்த் என்னும் கடைத்தெருவில் நடந்தால் நம் ஊர்க் கடைவீதியில் நடப்பதுபோல் இருக்கிறது. தமிழ்ப் பெயர்ப்பலகைகள், நகைக்கடைகள், தோசை வார்க்கும் உணவகங்கள். முருங்கைக்காயும் பச்சை மொச்சையும் விமானத்தில் வந்து இறங்குகின்றன. மே மாதத்தில் மாம்பழப் பெட்டிகள் நடைபாதையில் அடுக்கியிருக்கும். கடைக்காரர்களில் பலர் ஈழத்தமிழர். 1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் வந்தவர்களும் அவர்கள் மக்களும். முதல் நாள் கடைக்குள் நுழைந்த அம்மாவை ஒருவர், “வாங்கோ அம்மா, இருங்கோ, எந்த ஊர்?” என்று நாற்காலி போட்டு விசாரித்தார். அம்மா முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். கறிவேப்பிலை வாங்கப் போனவர் அந்தக் கடைக்காரர் வீட்டுக் கதை முழுவதையும் வாங்கிக்கொண்டு வந்தார். கறிவேப்பிலையை மறந்துவிட்டார்.

முதல் வாரத்தில் எங்களைக் குழப்பியது வெளிச்சம். ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் காலை 5 மணிக்கு முன்பே உதித்து, இரவு 9 மணிக்கு மேல் மறைகிறது. பிள்ளைகள் 10 மணிவரை உறங்க மறுத்தார்கள். “இன்னும் பகல்தானே” என்ற கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. அம்மாவின் சங்கடம் வேறு. அந்தி மங்கும்போது விளக்கேற்றிவிட்டுத்தான் இரவு உணவு என்பது அவர் பழக்கம். முதல் மூன்று நாட்கள் அந்திக்காகக் காத்திருந்தார். பேரப்பிள்ளைகள் பசியால் துவண்டார்கள். நான்காம் நாள் மாலை 6.30க்குக் கொளுத்தும் வெயிலில் விளக்கை ஏற்றிவிட்டு, “சுவாமிக்கு நம் ஊர் நேரம் தெரியும்” என்றார். அதுவே பின்னர் வீட்டின் ஒழுங்காயிற்று.

பஞ்சாங்கமும் இப்படித்தான் சோதனைக்கு உள்ளாயிற்று. ராகு காலம் ஒன்றரை மணி என்று நாம் சொல்வது, பகல் பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டு அதை எட்டாகப் பங்கிட்டதனால் வருவது. அண்ணன் மகனுக்குப் பதினொரு வயது, கணக்கில் ஆசை. அவன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஜூன் 21ஆம் தேதிக்குக் கணக்குப் போட்டான். உதயம் 4.43, அஸ்தமனம் 9.21; பகல் 998 நிமிடம்; எட்டில் ஒரு பங்கு ஏறக்குறைய 125 நிமிடம். ஆகவே அந்நாட்களில் திங்கட்கிழமை ராகு காலம் காலை 6.48 முதல் 8.53 வரை. அண்ணன் வேலைக்குப் புறப்படுவது 7.15க்கு. “ராகுவுக்கும் இந்த ஊரில் அதிகப்படி வேலை கொடுத்துவிட்டார்கள்” என்று சொல்லிக்கொண்டே அண்ணன் காலணியை மாட்டினார். அம்மா பஞ்சாங்கத்தை மூடிப் பெட்டியில் வைத்தார். திரும்பும் நாள்வரை அதை எடுக்கவில்லை.

அண்ணி ஒரு மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிகிறார். வாரத்தில் மூன்று இரவுகள் வேலை, மாலை 6.30க்குக் கிளம்பினால் மறுநாள் காலை 9 மணிக்கு வீடு திரும்புவார். அதன்பின் உறங்க வேண்டும். அந்த வீட்டில் பகலில் உறங்குவது எளிதன்று. படிகள் மரத்தாலானவை, ஒரு குழந்தை இறங்கினால் தாளம் போடும்.

இரண்டாம் வாரம் ஒரு வியாழக்கிழமை. அண்ணி மாடியில் உறங்கிக்கொண்டிருந்தார். மகிழ்விக்க வேண்டும் என்று நாங்கள் நல்ல எண்ணத்தோடு வத்தக்குழம்பு வைத்தோம். வரமிளகாயும் வெந்தயமும் எண்ணெயில் விழுந்த மறுகணம் கூடத்தின் விதானத்திலிருந்த புகை அறிவிப்பு மணி அலறத் தொடங்கியது. அதை நிறுத்தும் விதம் எங்களுக்குத் தெரியவில்லை. துண்டால் விசிறினோம். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினார்கள். அண்ணி இறங்கி வந்தார். நாற்காலியின் மேல் ஏறி ஒரு பொத்தானை அழுத்தினார். தோட்டத்துக் கதவைத் திறந்துவைத்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் உறங்கியது ஒன்றரை மணி நேரம். அன்று மாலையும் அவருக்கு வேலை.

அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். நாங்கள் விருந்தாளிகள் என்ற நினைப்போடு வந்திருந்தோம். அந்த வீட்டில் விருந்தாளி இருக்க இடமில்லை. வேலையாள் கிடையாது. ஒன்பது பேர் துணியையும் தோய்த்து, மழை இல்லாத நேரம் பார்த்துத் தோட்டத்தில் உலர்த்தி, குப்பையை வகை பிரித்து, அதற்குரிய நாளில் தொட்டியை வாசலில் வைக்க வேண்டும். இவை அனைத்தையும் அண்ணனும் அண்ணியும் நாங்கள் உறங்கிய பிறகு செய்துவந்தார்கள் என்பது அதன்பின்தான் எங்கள் கண்ணில் பட்டது. மறுநாளிலிருந்து முறை மாற்றினோம். தாளிப்பு எல்லாம் மாலை நேரத்தில். அண்ணி உறங்கும் வேளையில் பிள்ளைகளைப் பூங்காவுக்கு அழைத்துப்போவது எங்கள் பொறுப்பு. இட்லி மாவு அந்தக் குளிரில் பொங்காமல் இரண்டு முறை ஏமாற்றியது. அடுப்புக்குக் கீழுள்ள பேழையில் விளக்கை மட்டும் எரியவிட்டு இரவு முழுதும் உள்ளே வைத்தால் பொங்கும் என்று கறிவேப்பிலைக் கடைக்காரர் சொல்லிக்கொடுத்தார்; அப்படியே பொங்கிற்று.

அண்ணன் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவதும் எங்கள் பங்குக்கு வந்தது. எட்டு வயதுப் பெண். முதல் நாள் வாசலில் நின்ற ஆசிரியை குழந்தையை எங்களிடம் ஒப்படைக்க மறுத்துவிட்டார். அண்ணன் எழுத்து மூலம் எங்கள் பெயர்களைத் தெரிவித்த பின்பே விட்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இது பெரிய வேடிக்கை. தங்களுக்கு விடுமுறை, இவளுக்குப் பள்ளியா என்று தினமும் கேட்டார்கள்.

அந்தக் கேள்வியில்தான் எங்கள் பழைய மனக்குறைக்கு விடை இருந்தது. தில்லியில் பள்ளிகள் மே நடுவில் மூடி ஜூலைத் தொடக்கத்தில் திறக்கின்றன. அங்கே ஜூலைக் கடைசி வாரத்தில் மூடிச் செப்டம்பர்த் தொடக்கத்தில் திறக்கின்றன. மே இறுதியில் ஒரு வாரம் மட்டும் இடைவிடுமுறை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் நெடிய விடுமுறை ஒருபோதும் வாராது. பள்ளி நாளில் அனுமதியின்றிக் குழந்தையை வெளியூர் அழைத்துச் சென்றால் அபராதம். 2024 ஆகஸ்டு முதல் ஒரு குழந்தைக்கு, பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 80 பவுன், 21 நாட்களுக்குள் கட்டத் தவறினால் 160.

சமையலறைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கியது. ஒருநாள் இரவு அண்ணன் அதைக் காட்டினார். அவருக்குச் சட்டப்படி ஆண்டுக்கு 28 நாள் விடுப்பு. அதில் பொது விடுமுறைகள் 8 கழியும். மீதி 20. பள்ளி விடுமுறையோ ஆண்டுக்குப் பதின்மூன்று வாரம். அந்த வாரங்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் பெரியவர் இல்லை. ஆகவே ஒரு வாரம் அண்ணன் விடுப்பு, மறு வாரம் அண்ணி விடுப்பு. நீல மையில் அவர் நாட்கள், சிவப்பு மையில் இவர் நாட்கள். இரண்டு நிறமும் ஒரே கட்டத்தில் சேர்ந்து விழுந்தது ஆண்டு முழுவதற்கும் நான்கே நாட்கள். “அப்பா போன வருஷம் எனக்குப் பதினோரு நாள்தான் மிச்சம் இருந்தது” என்றார். இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டோம். “சாக்குச் சொல்வதாக நினைப்பீர்கள்” என்றார். நாங்கள் நினைத்திருப்போம்.

அம்மாவைத் தம்மோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை அண்ணனுக்கு நெடுநாளாக உண்டு. அதற்கும் வழி அடைபட்டிருக்கிறது. 2012 ஜூலையில் வந்த விதிகளின்படி, வயது முதிர்ந்த தாய் தந்தையர் பிள்ளையிடம் நிரந்தரமாக வந்து வாழ வேண்டுமாயின், முதுமையாலோ நோயாலோ அன்றாடக் காரியங்களுக்கே பிறர் கையை நெடுங்காலம் எதிர்பார்ப்பவராக இருத்தல் வேண்டும். அந்தப் பராமரிப்பு, பொருள் கொடுத்தாலும் சொந்த நாட்டில் கிடைக்காது என்றும் மெய்ப்பிக்க வேண்டும்.

“நான் படுக்கையில் விழுந்தால்தான் பிள்ளை வீட்டில் இருக்கலாமா?” என்று அம்மா கேட்டார்.

“விழுந்தாலும் போதாது அம்மா. தில்லியில் உங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கக் கூடாது.”

சற்று நேரம் யாரும் பேசவில்லை. அந்த ஆட்கள் நாங்கள்தான். எதிரே உட்கார்ந்து மோர்ச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

விருந்தினராக வருபவர் ஒரு தடவையில் ஆறு மாதம்வரை தங்கலாம். “அக்டோபர் வரையாவது இருங்கள்” என்று அண்ணன் கேட்டார். அம்மா உடனே விடை சொல்லவில்லை. எங்களுக்கும் உள்ளூர ஒரு கலக்கம். அம்மா இல்லாத தில்லி வீட்டை எங்களால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. பிள்ளைகளுக்குக் கதை சொல்ல யார், மாலையில் வீட்டில் இருக்க யார் என்று கணக்குப் பார்த்தோம். அண்ணன் பதினாறு ஆண்டுகளாக அந்தக் கணக்கில் வாழ்கிறார் என்பதும் நினைவுக்கு வந்தது.

முடிவு செய்தது எட்டு வயதுக்காரி. அவள் சனிக்கிழமைதோறும் ஈழத்தமிழர் நடத்தும் தமிழ் வகுப்புக்குப் போகிறாள். நாங்கள் வந்தபோது அவளுக்குத் தமிழ் விளங்கும். விடை ஆங்கிலத்தில் வரும். ஐந்தாம் வாரம் ஒரு மாலை, விளக்கேற்றும் நேரத்தில் மாடியிலிருந்து ஓடிவந்து, “அப்பம்மா, நில்லுங்கோ, நானும் வாறன்! அம்மா நித்திரை, சத்தம் போடாதேங்கோ” என்றாள். வகுப்புத் தோழிகளிடம் கற்ற யாழ்ப்பாணத் தமிழ். எங்கள் வீட்டில் எவரும் அம்மாவை அப்பம்மா என்று அழைத்ததில்லை. பாட்டி என்பதே வழக்கம். அம்மா திகைத்தார், பிறகு தீப்பெட்டியை அவள் கையில் கொடுத்தார். அன்றிரவு எங்களிடம் வந்து, “நீங்கள் போங்கள். நான் இவர்கள் பள்ளி மூடும்வரை இருக்கிறேன்” என்றார்.

ஜூன் இறுதியில் ஒரு ஞாயிறு நால்வராகத் திரும்பினோம். அண்ணி முந்தின இரவு வேலை முடித்தவர். உறங்காமல் எங்களுக்குப் புளியோதரை கட்டிக்கொடுத்தார். வத்தக்குழம்பைப் பற்றி நாங்கள் ஏதோ சொல்லத் தொடங்கினோம். “அந்த மணி தோசைக்கே கத்தும்” என்று சிரித்துவிட்டு உள்ளே போனார்.

ஆகஸ்டு முதல் வாரத்தில் அண்ணன் பிள்ளைகளோடு அம்மாவை அழைத்துக்கொண்டு தில்லி வருகிறார். பள்ளி விடுமுறைக் காலமாதலால் விமானக் கட்டணம் மிக அதிகம். பன்னிரண்டு நாள் தங்குகிறார்கள். அண்ணிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அப்போது பள்ளி இருக்கும். மாலையில்தான் அண்ணன் பிள்ளைகளோடு விளையாட முடியும். அதுவரை தினமும் இரவு 11 மணிக்கு எங்கள் தொலைபேசி ஒலிக்கிறது. அங்கே அப்போது மாலை 6.30. அம்மா விளக்கேற்றுவதைப் பார்ப்பதற்காகப் பிள்ளைகள் உறங்காமல் விழித்திருக்கிறார்கள், நாங்களும் அதட்டுவதில்லை.