கொஞ்சம் மூணு பக்கம் சாயுது

பத்து காஜா வட்டாரச் சிறு வியாபாரிகளின் கடன் விண்ணப்பங்களை மதிப்பிடுவது என் வேலை. சேர்ந்த புதிதில் ஒரு விதி இருந்தது: மாத வருமானம் 3,000 வெள்ளிக்குக் குறைந்தால் தள்ளிவிடு. 2,950 காட்டிய நாசி லெமாக் கடைக்கார அக்காவை அப்படித்தான் திருப்பி அனுப்பினேன். பெரிய அடுப்பு வாங்கக் கேட்டிருந்தார். "அம்பது வெள்ளியில என்னா தம்பி ஆயிடப் போவுது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அப்பாவிடம் இருந்தது. தோட்டத்துப் புகைவீட்டில் ரப்பர் ஷீட் தரம் பிரித்தவர் அவர். ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் குமிழ், பூஞ்சணம், கறை பார்ப்பார். "ரெண்டாம் நம்பர்தான், கொஞ்சம் மூணு பக்கம் சாயுது" என்பார். ஆய்வுக்கூடத்தில் அழுக்கையும் சாம்பலையும் அளந்து தரம் சொல்லும் எஸ்.எம்.ஆர். முறையை மலேசியா 1965இல் கொண்டுவந்தது. கண்ணால் பார்த்துச் சொல்வது பழைய காலத்து வேலையானது. வேடிக்கை என்னவென்றால், அதே 1965இல்தான் பெர்க்லி பேராசிரியர் லோட்ஃபி ஸாதே 'ஃபஸி கணம்' பற்றி எழுதினார்: ஒன்று ஒரு வகையில் முழுதாகச் சேரலாம், 0.7 அளவும் சேரலாம். அப்பாவின் 'சாயுது'வுக்கு எண் கிடைத்துவிட்டது.

2,000 வெள்ளிக்குச் சுழியம், 3,000க்கு ஒன்று, நடுவில் சீரான சரிவு என்று வைத்தால் அக்காவின் வருமானம் 0.95. இது சுலபம். தலைவலி, மதிப்பெண்களைச் சேர்ப்பதில். வருமானம் 0.95, பழைய கடனைக் கட்டிய ஒழுங்கு 0.9, பிணை 0.2 என்றால் ஸாதேயின் 'உம்' மிகச் சிறியதையே எடுக்கும்: 0.2. அக்கா மறுபடியும் வெளியே. ஜெர்மனியில் சிம்மர்மனும் சிஸ்னோவும் கடன் அதிகாரிகள் தீர்ப்பளிக்கும் விதத்தை ஆராய்ந்தார்கள். மனிதர்கள் அப்படிக் கறாராகச் சேர்ப்பதில்லை, ஒன்றின் குறையை இன்னொன்றின் நிறைவால் ஓரளவு ஈடுகட்டுகிறார்கள் என்று கண்டார்கள். எவ்வளவு ஈடுகட்டலாம் என்பதற்கும் ஓர் எண் உண்டு.

அந்த எண்ணில்தான் நான் வழுக்கினேன். பிடித்துப்போன ஒருவருக்காக அதைக் கொஞ்சம் கூட்டினேன். கணக்கு அழகாகத் தேறியது. ஏழாம் மாதத்தோடு தவணை நின்றுபோனது. கணினியைக் குறை சொல்ல வழியில்லை. இப்போது சரிவுகளையும் அந்த எண்ணையும் ஜனவரியிலேயே மூன்று பேர் உட்கார்ந்து முடிவுசெய்து பூட்டிவிடுகிறோம், எந்த முகத்தையும் பார்க்கும் முன்பே.

புதிய முறை வந்ததும் படிவத்தோடு அக்கா கடைக்கே போனேன். அடுப்பை ஏற்கெனவே மாற்றியிருந்தார். சங்கிலி அடகுக் கடையில் இருந்தது.