ஓர் எண், இரண்டு கதைகள்

கதை என்றதும் நாவலையும் திரைப்படத்தையும் எண்ணுவது நம் துறையின் பழக்கம். நான் பிறந்து வளர்ந்த வண்டிப்பெரியாரிலோ மழைக்காலத்தில் ஒரு கதையைச் சொல்லி முடிக்க ஓர் எண் போதும்: முல்லைப் பெரியாறு அணையின் இன்றைய நீர்மட்டம்.

1895இல் திறக்கப்பட்ட அந்த அணை, மேற்கே பாய்ந்த ஆற்றைத் தேக்கிச் சுரங்கம் வழியே கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கிற்குத் திருப்புகிறது. உபரிநீர் மதகுகளைத் திறந்தால், நீர் வல்லக்கடவையும் எங்கள் ஊரையும் கடந்து இடுக்கி நீர்த்தேக்கத்தை அடையும். தேயிலைத் தோட்ட லயங்களில் வாழும் தமிழர் பலருக்குத் தேனிப் பக்கம் உறவினர் உண்டு. ஒரே குடும்பம் அணையின் இரு புறமும் வாழ்கிறது.

கம்பத்திலிருந்து மாமா அழைப்பார். "நூத்தி முப்பத்தெட்டு ஆயிருச்சாம்ல மாப்ள, இந்த வருசம் ரெண்டு போகத்துக்கும் கவலையில்ல" என்பார். அதே எண்ணைக் கேட்ட அம்மா, ரேஷன் அட்டையும் வங்கிப் புத்தகமும் வைத்த பையைப் பரணிலிருந்து இறக்கிக் கதவருகே வைப்பார். மாமாவுக்கு 138 என்பது விளைச்சலின் தொடக்கம்; அம்மாவுக்கு அது உறக்கமில்லாத இரவின் தொடக்கம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், 2014 நவம்பரில் நீர்மட்டம் 35 ஆண்டுகளுக்குப் பிறகு 142 அடியைத் தொட்டபோது, மலைக்குக் கிழக்கே அது திருவிழா, மேற்கே எச்சரிக்கை.

இவ்விரு கதைகளுக்கும் ஊடகங்கள் உண்டு. தேனி மாவட்டத்தில் பென்னிகுயிக் பிறந்த நாளான ஜனவரி 15இல் பொங்கல் வைக்கிறார்கள். அவர் சொத்தை விற்று அணை கட்டினார் என்ற வாய்மொழிக் கதை இன்றும் வாழ்கிறது. அணைக்குச் செலவிட்டது சென்னை மாகாண அரசு என்பது வரலாறு. ஆனால் நன்றியுணர்வு கணக்கேட்டைப் பார்த்துப் பிறப்பதில்லை. அ. வெண்ணிலாவின் 'நீரதிகாரம்' அந்த அணையின் வரலாற்றை நாவலாக்கியது. மறுபுறம், மலையாளத் தொலைக்காட்சி விவாதங்கள் அணை உடையும் காட்சியைத் திரும்பத் திரும்பக் கற்பனை செய்தன. 2011இல் வெளியான 'டேம் 999' படத்தைத் தமிழ்நாடு அரசு தடைசெய்தது. அவ்வாண்டின் இறுதியில் எல்லையில் பதற்றம் மூண்டபோது, இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் சிலர் மலையிறங்கித் தேனிக்குச் சென்றனர்.

நன்றியின் கதை தமிழில் இருக்கிறது; அச்சத்தின் கதை மலையாளத்தில் இருக்கிறது. அணைக்குக் கீழே வாழும் தமிழருக்கு இரண்டும் உண்மை. ஆனால் அவற்றைச் சேர்த்துச் சொல்ல அவருக்கு இடமில்லை. அம்மா தம் அண்ணனிடம், "சந்தோசம்ண்ணே" என்று மட்டும் சொல்வார். அச்சத்தைச் சொன்னால், அண்ணன் வயலின் நீரைப் பறிக்க நினைப்பதுபோல் ஆகிவிடும். பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சியிடம் அண்ணனின் விளைச்சலைப் பற்றிப் பேசமாட்டார். அங்கே அது அவருடைய அச்சத்தைச் சிறுமைப்படுத்துவதாகும். கேட்பவர் யார் என்பதே கதையில் எது விடுபட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

எடுத்துரைப்பியலில் கதைசொல்லியைப் பற்றி நிறைய எழுதுகிறோம். கேட்பவரைக் கருதி விழுங்கப்படும் பாதிக் கதையைப் பற்றிக் குறைவாகவே எழுதுகிறோம். எல்லையோர ஊர்களில் கள ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரே மனிதர் யாரிடம் எதைச் சொன்னார், யாரிடம் எதைச் சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்யுங்கள். தொலைபேசியில் "சந்தோசம்ண்ணே" என்ற குரலை மட்டும் பதிவு செய்பவர் ஒரு கதையைப் பெறுவார். கதவருகே இருக்கும் பையையும் பார்த்தவருக்கே மற்றது கிடைக்கும்.