கொங்கு இட்டேரியில் ஒரு சைக்கிள் சவாரி

காங்கேயத்திலிருந்து ஈரோடு போகும் சாலையில் விடிந்ததுமே லாரிகள் விரட்ட ஆரம்பித்துவிடும். அரிசி ஆலைக்கு நெல் மூட்டை, எண்ணெய் ஆலைக்குத் தேங்காய்ப் பருப்பு என்று ஓயாத ஓட்டம். நத்தக்காடையூரை நெருங்கும்போது பக்கவாட்டில் பிரியும் மண் தடம் ஒன்றில் சைக்கிளைத் திருப்பினால், கொஞ்ச தூரத்திலேயே அந்தச் சத்தம் அடங்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் ஆள் உயர முள்வேலி. நடுவில் ஒரு மாட்டுவண்டி போகும் அகலத்துக்குச் செம்மண்ணும் சரளைக் கல்லும். கொங்குநாட்டில் இதற்குப் பெயர் இட்டேரி.

தோட்டத்துக்கும் ஊருக்கும், ஒரு வலசுக்கும் அடுத்த வலசுக்கும் இடையே வண்டி போக, மாடு ஓட்டிப் போக விட்ட பாதை இது. வரைபடச் செயலியில் பல இட்டேரிகள் தென்படுவதே இல்லை. தென்பட்டாலும் பாதி வழியில் கோடு நின்றுவிடும். பாதை நிற்காது.

இப்படிப்பட்ட பாதைகளுக்காகவே வெளிநாடுகளில் ஒரு சைக்கிள் வகை பிரபலமாகியிருக்கிறது. பெயர் கிராவல் பைக். பந்தய சைக்கிளைப் போல வளைந்த கைப்பிடி, ஆனால் டயர் மட்டும் 40 மில்லிமீட்டர் அளவுக்குத் தடிமன். தார்ச் சாலையிலும் ஓடும், சரளையிலும் ஓடும். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 2006-ல் இதற்கென ஒரு 200 மைல் பந்தயம் தொடங்கியது. 2022-ல் இத்தாலியில் முதல் உலக சாம்பியன்ஷிப்பே நடந்துவிட்டது. கிராவல் என்றால் சரளைதான். காங்கேயம் பகுதியில் அது காலம் காலமாகக் காலடியில் கிடக்கிறது. பால் கேனைக் கேரியரில் கட்டிக்கொண்டு சொசைட்டிக்கு மிதித்தவர்கள் எந்தப் பந்தயத்திலும் சேராமலே இதில் ஓட்டிப் பழகியவர்கள்.

இட்டேரியின் அழகு வேலியில் இருக்கிறது. பெரும்பாலும் கிளுவை. மழைக்கு முன்பாகப் போத்து வெட்டி வரிசையாக நட்டுவிட்டால் அது துளிர்த்து, முள்ளோடு முள் பின்னி, ஆடுகூட நுழைய முடியாத சுவராகிவிடும். அதன்மேல் பிரண்டை படரும், கோவைக்கொடி ஏறும், வேலிப்பருத்தி சுற்றும். முடக்கத்தான் தோசைக்கும் தூதுவளை ரசத்துக்கும் கொங்குப் பாட்டிகள் கடைக்குப் போனதில்லை. இட்டேரி ஓரமாகவே ஒரு நடை போய் முந்தானையில் பறித்து வந்துவிடுவார்கள்.

சைக்கிளில் சத்தமில்லாமல் போனால் வேலியின் குடித்தனம் முழுவதையும் பார்க்கலாம். ஓணான் தலையாட்டும். கீரி தன் குட்டிகளோடு குறுக்கே ஓடும். கதுவாலி (மற்ற ஊர்களில் கௌதாரி) டயருக்கு முன்னால் பத்தடி நடந்துவிட்டு, திடீரென்று நினைவு வந்ததுபோல விருட்டென்று பறக்கும். மயில்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவற்றின் தொல்லை இங்குள்ள விவசாயிகளைக் கேட்டால் தெரியும்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது கொறங்காடு. மழை குறைந்த இந்த மண்ணில், மேய்ச்சலுக்கென்றே ஒதுக்கிய நிலம். தரையில் கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே குடை பிடித்தாற்போல வெள்வேல மரம். நுழைவாயிலில் ஒரு படல். காலையில் மாடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால், மேய்ப்பதற்கு ஆள் வேண்டாம். ஒரு காட்டில் புல் குறைந்ததும் அடுத்த காட்டுக்கு மாற்றிவிடுவார்கள். காங்கேயம் காளை என்று உலகம் கொண்டாடுகிற அந்தத் திமிலும் திடமும் இந்தக் கொறங்காட்டில் வளர்ந்தவை. காங்கேயம் மாடு இருப்பதால் கொறங்காடு இருக்கிறது. கொறங்காட்டுக்கு வேலி வேண்டியிருப்பதால் கிளுவை இருக்கிறது. இரண்டு வேலிகளுக்கு நடுவே இட்டேரி இருக்கிறது. இதில் ஒன்றை உருவினால் மற்றவை நிற்குமா என்பதுதான் இப்போது எழுந்திருக்கும் கேள்வி.

ஏனென்றால் உருவிக்கொண்டிருக்கிறார்கள். கிளுவை வேலிக்கு அவ்வப்போது கவாத்து வேண்டும், விழுந்த இடத்தில் புதுப் போத்து நட வேண்டும். ஆள் கூலி ஏறிவிட்டது, அந்த வேலை தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். கல்லுக்கால் நட்டுக் கம்பிவேலி இழுத்தால் இரண்டு நாளில் வேலை முடியும், வேலிக்கு விட்ட அகலமும் மிச்சம். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது அந்த மிச்சம் பெரிதாகத் தெரிகிறது. போர் போட்ட இடத்தில் தென்னை வருகிறது. சாலையை ஒட்டிய இடத்தில் மனைப்பிரிவு வருகிறது. சில இட்டேரிகளுக்குத் தார் போட்டு, வேலியை இரண்டு பக்கமும் வழித்துவிடுகிறார்கள். ஊர்க்காரர்களைக் குறை சொல்ல முடியாது. பிரசவ வலி எடுத்த பெண்ணை மழைக்காலச் சேற்றில் ஏற்றிப் போனவர்களுக்குத்தான் தார்ச் சாலையின் அருமை தெரியும்.

பிரான்ஸ் இதே வழியில் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருக்கும் நாடு. நார்மண்டி, பிரிட்டனி பகுதிகளில் வயலைச் சுற்றி மரவேலியும், வேலிகளுக்கு இடையே தாழ்ந்த மண் பாதையும் உண்டு. நம் இட்டேரிக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்றே சொல்லலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, டிராக்டர் ஓட வசதியாக நிலங்களை ஒன்றுசேர்த்தபோது வேலிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். 1950-லிருந்து ஏறக்குறைய 70 சதவிகித வேலிகள் போய்விட்டதாகக் கணக்கு. 2023-ல் அந்நாட்டு அரசே ஒரு திட்டம் அறிவித்தது: 2030-க்குள் வேலிகளின் மொத்த நீளம் இப்போது இருப்பதைவிட 50,000 கிலோமீட்டர் கூட வேண்டும். மிச்சமிருக்கும் அந்த வேலிப் பாதைகளைத் தேடி இன்று கிராவல் பைக்கில் பயணிகள் வருகிறார்கள். பிடுங்கும்போது இதையெல்லாம் யார் நினைத்தார்கள்?

காங்கேயத்தைச் சுற்றி இன்னும் ஓட்டிப் பார்க்க நிறைய இருக்கிறது. கோவையிலிருந்து காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் நத்தக்காடையூர் பக்கம் பழையகோட்டை மாட்டுச்சந்தை. மயிலை, காரி, செவலை என்று நிறம் பார்த்து, சுழி பார்த்து, துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் இடம். வேடிக்கை பார்க்கக் கட்டணமில்லை.

திருப்பூர் சாலைப் பக்கம் போனால் சிவன்மலை. பக்தரின் கனவில் வந்த பொருளைப் பூ போட்டு உத்தரவு கேட்டு வைக்கும் கண்ணாடிப் பெட்டியை மேலே ஏறிப் பார்த்துவிட்டு வரலாம். வடக்கே நொய்யல் வரை மிதிக்கத் தெம்புள்ளவர்களுக்கு ஆற்றின் வடகரையில் கொடுமணல். மேற்குக் கடற்கரையின் முசிறித் துறைமுகத்தையும் கரூரையும் இணைத்த பழைய வணிகப் பெருவழியில் இருந்த ஊர் இது. பச்சைக்கல் மணியும் இரும்பும் செய்து, 2,000 வருடங்களுக்கு முன்பே வண்டித் தடத்தை நம்பிப் பிழைத்தவர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள்.

விலை உயர்ந்த கிராவல் பைக் கட்டாயமில்லை. கொஞ்சம் அகலமான டயர் உள்ள எந்த சைக்கிளும் போதும். டயரில் காற்றைத் தார்ச் சாலைக்கு வைப்பதைவிடக் குறைத்து வைத்தால் சரளையில் உடம்பு குலுங்காது. வெள்வேல முள்ளுக்கும், கவாத்து செய்த கிளுவை முள்ளுக்கும் டயர் என்றால் கொள்ளை ஆசை. மாற்று டியூப் இரண்டு, பம்ப், டயர் கழற்றத் தெரிந்த கை, இவை இல்லாமல் உள்ளே போக வேண்டாம். பஞ்சர் கடை ஐந்தாறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும். மார்கழி, தை மாதங்கள்தான் தோதானவை. மழை பெய்து புல் எழுந்திருக்கும், காலை பத்து மணி வரை வெயில் உறைக்காது. தண்ணீர் மட்டும் எந்த மாதத்திலும் இரண்டு பாட்டில்.

இன்னொன்று முக்கியம். எல்லா இட்டேரியும் பொதுவழி இல்லை. சில, புலப்படத்தில் வண்டிப்பாதை என்று குறித்த புறம்போக்கு. சில, பட்டா நிலத்துக்குள் பாத்தியதையாக விட்ட தடம். அதை வைத்துத் தலைமுறையாக வழக்கு நடத்துகிற பங்காளிகளும் உண்டு. ஆகவே எதிரில் யாராவது வந்தால் இறங்கி நின்று, "ஏனுங்கய்யா, இந்த இட்டேரி எங்கீங்க போகுது?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. "நேராப் போனா எங்க சாளைதானுங். வாங்க, மோர் குடிச்சுட்டுப் போலாம்" என்று பதில் வரவும் வாய்ப்பு உண்டு. மூடியிருக்கும் படலைத் திறந்து போனால், மறக்காமல் பழையபடி சாத்திக் கட்டிவிட வேண்டும். உள்ளே மாடு மேய்ந்துகொண்டிருக்கும்.