நெய்யரியும் காற்று வடிகட்டியும்

தமிழாசிரியன் ஒருவன் மோட்டார்ப் பொறியைப் பற்றி எழுதப் புகுவது கண்டு பழைய மாணவர் சிலர் முறுவலிக்கக்கூடும். ஆயினும் இத்தொடர்பு நன்னூலிலேயே உள்ளது. பவணந்தி முனிவர் மாணாக்கரைத் தரம் பிரிக்குமிடத்து நெய்யரியைக் கடைமாணாக்கனுக்கு உவமை கூறினார். நல்ல நெய்யை ஒழுகவிட்டுக் கசடைத் தன்பால் நிறுத்திக்கொள்வது நெய்யரியின் இயல்பு. வகுப்பறையில் இழிக்கப்படும் அவ்வியல்பே மோட்டார்ப் பொறியின் வாயிலில் தலையாய குணமாகின்றது. தூய காற்றை உள்ளே விட்டுப் புழுதியைத் தான் சுமக்கும் காற்று வடிகட்டி அங்கே தலைமாணாக்கன்.

பெற்றோல் செவ்வனே எரிதற்கு நிறையளவில் அதனைப்போல் ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று வேண்டும். கனவளவிற் கூறின், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்று என்க. நம் குடாநாட்டுக் காற்றோ கோடையிற் செம்மண்ணையும் சுண்ணக்கல் தூளையும் சுமந்து வருவது. அத்தூள் உட்புகுந்து எண்ணெயுடன் கலந்தால் அரம்போல் உராய்ந்து பிஸ்ரன் வளையங்களையும் சிலிண்டரின் சுவரையும் தேய்த்துவிடும்.

1990 ஆம் ஆண்டின் பின்னர்ப் பெற்றோல் வரவு தடைப்பட்டிருந்த காலத்தில், ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்கள் சில துளி பெற்றோலாற் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடியதை எம் தலைமுறையினர் சிறுவராயிருந்து கண்டோம். புழுதி மிக்க நாடுகளுக்கென அந்நாளில் அனுப்பப்பட்ட கார்கள் பலவற்றில் எண்ணெய்த் தொட்டி வடிகட்டி பூட்டப்பட்டிருந்தது. காற்று எண்ணெய்ப் பரப்பின்மேற் சட்டெனத் திரும்புகையிற் பருந்தூள் எண்ணெயில் வீழும். எஞ்சியது நனைந்த கம்பி வலையில் ஒட்டும். அழுக்கெண்ணெயை ஊற்றிவிட்டு, வலையைக் கழுவிப் புதிய எண்ணெய் வார்த்தால் மீண்டும் பயன்படும். ஆயினும் பொறி மெல்ல ஓடும்போது நுண்தூளை அது முற்றும் தடுக்கமாட்டாது. பின்னர் வந்த மடிப்புக் காகித வடிகட்டி அக்குறையைப் பெரிதும் நீக்கிற்று. இன்றைய கார்களிற் பெரும்பாலானவை தொழிற்சாலையிலிருந்து அதனோடுதான் வருகின்றன.

இனி என் மைத்துனர் செய்தியைக் கூறுகின்றேன். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வான் ஒன்றே அவர் குடும்பத்துக்குச் சோறு. கொம்பனிப் பெட்டியில் அரைவிலைக்குக் கிடைத்த வடிகட்டியொன்றை ஒரு கடையில் வாங்கிப் பூட்டினார். சில மாதங்களில் வான் நீலப்புகை கக்கலாயிற்று. மெக்கானிக் வடிகட்டியைக் கழற்றி, அதற்கு அப்பாலுள்ள குழாயின் உட்புறத்தை விரலால் தடவிக் காட்டினார். விரல் சிவந்திருந்தது. வடிகட்டியின் றப்பர் விளிம்பு தன் கூட்டில் அமரவில்லை. காற்று பக்கவழியாற் புகுந்திருந்தது. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 வரை தனியாருக்குத் திறக்கப்படாதிருந்த காலம் அது. வேறு வான் வாங்குவதை நினைக்கவும் இயலாது. என் தங்கையின் சங்கிலி அடைவுக்குப் போய்ப் பொறி திருத்தப்பட்டது.

இதனைக் கேள்வியுற்ற மைத்துனரின் தமையனார் கனடாவிலிருந்து எண்ணெய் தோய்த்த பருத்தி வடிகட்டி அனுப்புவதாகக் கூறினார். கலிபோர்னியாவில் 1969 இல் தோன்றிய கே அண்ட் என் நிறுவனத்தாற் புகழ்பெற்ற வகை அது. கழுவிக் கழுவிப் பல்லாண்டு பயன்படுத்தலாம்; காற்றை எளிதில் விடும். எனினும் காற்றை எளிதில் விடும் துணி நுண்தூளையும் சற்றுக் கூடுதலாக விடுவது பொதுவியல்பு. கழுவியபின் எண்ணெயை மிகுத்துப் பூசினால், உட்செல்லும் காற்றை அளக்கும் மென்கம்பி அழுக்குறவும் கூடும்.

எரிபொருள் மிஞ்சும் என்பாரும் உளர். அமெரிக்காவின் ஓக் றிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் 2009 இல் வெளியிட்ட ஆய்வின்படி, கணினி ஆளும் பெற்றோல் பொறிகளில் வடிகட்டி அடைபட்டாலும் எரிபொருட் செலவு குறிப்பிடத்தக்கவாறு கூடுவதில்லை. வேகம் எடுக்கும் ஆற்றலே குறைகின்றது. அடைபட்டதே செலவைக் கூட்டாதெனின், இலகுவானது எங்ஙனம் மிச்சப்படுத்தும்? பந்தயக்காரருக்கு அது பயன்படலாம். புழுதித் தெருவிற் பிள்ளைகளை ஏற்றுவோருக்கு அன்று. மைத்துனர் நன்றி கூறி அதனை மறுத்து, நம்பகமான இடத்திற் காகித வடிகட்டியே வாங்கினார்.

வேற்றுக் கொம்பனிப் பொருள் என்பதனாலேயே ஒன்று இழிந்ததாகாது. ஐ.எஸ்.ஓ. 5011 என்னும் முறைப்படி சோதித்து, அளவு பிசகாமற் செய்வாரும் உளர். ஆதலின் பெட்டியின் பெயரை மட்டும் நம்பாது, மடிப்புகள் நெருங்கிச் சீராயுள்ளனவா, விளிம்பு கூட்டிற் செறிவாக அமர்கின்றதா, வெளிச்சத்திற் பிடித்தால் துளை தெரிகின்றதா என்று பார்த்து வாங்குக. அழுத்தக் காற்றால் ஊதிக் காகிதத்தைக் கிழித்தல் தவிர்க. கைந்நூல் கூறும் தூரத்தினும் நம் புழுதியில் முந்தியே மாற்றுக. ஒரு மாதம் ஓடியபின் குழாயின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்க. விரல் சுத்தமாக இருந்தால், கொடுத்த விலை தகும்.