இரும்புக்கும் சுழி உண்டு

ஒரு மனிதன் கெட்டிக்காரனா இல்லையா என்பது அவன் மாடு வாங்கும்போது தெரிந்துவிடும் என்பார் என் தகப்பனார். எட்டயபுரம் மாட்டுச் சந்தைக்குப் போய் வந்தவர்களுக்கு இது விளங்கும். பல்லைப் பிடித்து வயதைப் பார்ப்பார்கள். சுழி பார்ப்பார்கள். நாலடி நடக்கவிட்டு, குளம்பு மண்ணில் எப்படிப் பதிகிறது என்று குனிந்து பார்ப்பார்கள். பிறகு துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது; மாட்டுக்கும் தெரியாது.

யந்திரம் வாங்குவதற்கு இப்படி ஒரு சாஸ்திரம் உண்டா என்று போன வருஷம்வரை யாராவது கேட்டிருந்தால் நான் சிரித்திருப்பேன். கடைக்குப் போனோம், பணத்தைக் கட்டினோம், லாரியில் ஏற்றினோம், அவ்வளவுதானே என்று தோன்றும். என் அத்தை மகன் ஒரு லேத் வாங்கக் கிளம்பி, துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனதில்தான் விஷயம் புரிந்தது. இரும்புக்கும் பல் உண்டு, சுழி உண்டு, நடையும் உண்டு.

அத்தான் பேட்டையில் ஒரு பட்டறையில் பதினாறு வருஷம் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். வீரவநல்லூரில் சாலை ஓரமாகச் சொந்தப் பட்டறை போடுவது என்று முடிவு செய்தார். பணம்? கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் அரைக் கோட்டை விதைப்பாடு அத்தை பேரில் இருந்தது. மாமா காலத்துக்குப் பிறகு அவள் தானே நின்று நாற்று நட்டுக் காப்பாற்றிய வயல். அதை விற்றார்கள். அத்தை கையெழுத்துப் போட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கத்தியிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

யந்திரம் பார்த்து வாங்குவதற்கு ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போனோம். விக்கிரமசிங்கபுரம் ஆலைப் பட்டறையில் முப்பது வருஷம் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பக்கத்தில் இப்படி ஒரு மனிதர் கிடைப்பது தற்செயல் அல்ல. அதற்கு நூற்று நாற்பது வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது.

ஹார்வி சகோதரர்கள் 1880-களில் பாபநாசத்தின் கீழே பஞ்சாலை வைத்தபோது, மின்சாரத்தைக் கம்பி வழியாகத் தொலைதூரம் கொண்டுபோகிற வித்தை இன்னும் வளரவில்லை. சக்தி இருக்கிற இடத்துக்கு ஆலைதான் போக வேண்டும். மலையிலிருந்து இறங்குகிற தாமிரபரணியின் விசையைக் கண்டு அங்கே இடம் பிடித்தார்கள். இந்திய ஆலைகளுக்கு அக்காலத்தில் யந்திரங்கள் பெரும்பாலும் லங்காஷயரிலிருந்துதான் வந்தன. ரயில் 1876-லேயே தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் வந்துவிட்டது என்றாலும், மேற்கே கல்லிடைக்குறிச்சிப் பக்கம் தண்டவாளம் போனது இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான். ஆகவே திருநெல்வேலியிலிருந்து ஏறக்குறைய முப்பது மைல் தூரம் அந்த இரும்பையெல்லாம் மாட்டு வண்டிகள்தான் இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். ஓர் ஓடையைத் தாண்டும்போது சக்கரம் புதைந்தால் எத்தனை பேர் தோள் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரு பல்சக்கரம் உடைந்தால் இன்னொன்று கடல் தாண்டித்தான் வர வேண்டும். கப்பல் வருகிறவரை ஆலையைப் பூட்டி வைக்க முடியுமா? எனவே பஞ்சாலை என்றால் உள்ளேயே ஒரு பட்டறையும் இருந்தது. லேத்தும் துளைபோடும் யந்திரமும் வைத்துக்கொண்டு, உடைந்ததை அங்கேயே கடைந்து மாட்டினார்கள். உழவும் நெசவும் தெரிந்த ஊர்க்காரர்கள் அங்கே போய் இரும்பைக் கடையக் கற்றுக்கொண்டார்கள். 1944-ல் பாபநாசத்தில் மின் நிலையம் வந்தது. 1949-ல் தாழையூத்துச் சங்கர் நகரில் சிமெண்டு ஆலை ஓட ஆரம்பித்தது. நெல்லும் வாழையுமாக இருந்த பள்ளத்தாக்கில் டர்னர், ஃபிட்டர் என்று ஒரு புதுக் குலமே உண்டாயிற்று. எங்கள் அண்ணாச்சி அந்தக் குலத்தில் மூன்றாந்தலைமுறை.

கோயம்புத்தூரில் இரண்டு யந்திரங்களைப் பார்த்தோம். முதலாவது புதுசு. பச்சை வர்ணம் பளபளத்தது. விலையும் கைக்கு அடக்கம். வியாபாரி காப்பி வரவழைத்துக் கொடுத்தார். அண்ணாச்சி காப்பியைக் குடித்துவிட்டு, சக்கில் ஓர் உருளையைப் பிடித்து, டயல் கேஜை வைத்து, கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். முள் ஆடிற்று.

"தம்பி, இது வர்ணத்தை வித்திருக்கான். இரும்பு கொஞ்சந்தான் போட்டிருக்கான்" என்று என் காதில் சொன்னார்.

லேத்துக்குக் கனம் வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். கெட்டி இரும்பைக் கத்தி தின்னும்போது யந்திரம் அதிரும். அந்த அதிர்ச்சியை உள்ளேயே வாங்கிக்கொள்ள வார்ப்பிரும்பு நிறைய வேண்டும். இல்லாவிட்டால் அதிர்ச்சி கத்தி முனைக்குத் திரும்பி வந்து, கடைந்த பரப்பில் மீன் செதிலைப் போலக் கோடு விழும்.

இரண்டாவது பழைய எச்.எம்.டி. லேத். சர்க்கார் 1953-ல் சுவிட்ஜர்லாந்து ஓர்லிக்கான் கம்பெனியின் ஒத்துழைப்போடு பெங்களூரில் ஆரம்பித்த தொழிற்சாலையில் முதன்முதலாகச் செய்ய எடுத்துக்கொண்டவற்றில் லேத்தும் ஒன்று. நாங்கள் பார்த்தது அதற்குப் பல வருஷம் பிந்தியது. வர்ணம் உரிந்து, ஒரு கைப்பிடி உடைந்து, கிழட்டு யானை மாதிரி மூலையில் நின்றது. அண்ணாச்சியின் முகத்தில் அதைப் பார்த்ததும் ஒரு வெளிச்சம்.

பிறகு நடந்த சோதனை இருக்கிறதே, எட்டயபுரத்துத் தரகர்கள் பார்த்திருந்தால் மரியாதையாக எழுந்து நின்றிருப்பார்கள். லேத் அதிகமாகத் தேய்வது சக்குக்குப் பக்கத்தில்தான். பாதி வேலைக்கு மேல் அங்கேதான் நடக்கிறது. ஆகவே கத்தியைத் தாங்கும் வண்டியை அங்கே நிறுத்தி, ஆட்டம் இல்லாமல் இறுக்கினார். பிறகு அதை மறுகோடிக்கு உருட்டினார். தேயாத கோடிக்குப் போகப் போக அது எவ்வளவு சிக்குகிறதோ, அவ்வளவு தேய்மானம் சக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். லேசாகச் சிக்கிற்று. "வயசுக்கு இது தாங்கும்" என்றார். சக்கின் அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து நெம்பி, முள் எவ்வளவு எழும்புகிறது என்று பார்த்தார். கடைசியில், "ஓட விடுங்க, நிறுத்தாதீங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். முக்கால் மணி நேரம் ஓடிற்று. எழுந்து போய்த் தலைப்பகுதியின் மேல் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி இருந்தது. சூடு இல்லை.

இந்தச் சோதனைகளையெல்லாம் ஒழுங்குபடுத்தி, எந்த இடத்தில் எவ்வளவு பிசகு இருக்கலாம் என்று கணக்கு வகுத்து, ஷ்லெசிங்கர் என்ற ஜெர்மன் பேராசிரியர் 1927-ல் புத்தகமே போட்டிருக்கிறார். விற்கிறவனும் வாங்குகிறவனும் சண்டை போடாமல் இருக்க அது வழி செய்தது. அண்ணாச்சி அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. சோதனைகள் மட்டும் ஆலைப் பட்டறை வழியாக அவர் கைக்கு வந்து சேர்ந்திருந்தன.

விலை பேசியது அத்தான். துண்டு இல்லை என்பது ஒன்றுதான் குறை. நாலு லட்சம் சொன்ன இடத்தில் மூன்றே கால் லட்சத்துக்கு முடிந்தது.

வாங்குவது கல்யாணம் என்றால் நிறுத்துவது குடித்தனம். பட்டறைக்குக் குறித்த இடம் ஒரு காலத்தில் வயலாக இருந்தது. இரண்டு டன் இரும்பை வயல் மண்ணின் மேல் வைத்தால் மழைக்கு ஒரு பக்கம், வெயிலுக்கு ஒரு பக்கம் சாயும். சரள் வருகிறவரை தோண்டச் சொன்னார் அண்ணாச்சி. நாலடியில் சரள் கண்டது. கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, போல்டுகளுக்குக் குழி விட்டு, மேலே சாக்கு விரித்துத் தண்ணீர் ஊற்றினார்கள். கான்கிரீட்டின் பலத்தை இருபத்தெட்டாம் நாளில்தான் அளப்பார்கள் என்பதால் அதுவரை யந்திரத்தை ஏற்றக் கூடாது என்று அவர் பிடிவாதமாக இருந்தார். கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் காலண்டரைக் கிழிக்கும் வேகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

லாரியிலிருந்து இறக்க கிரேன் வந்தது. ஆனால் கொட்டகைக்குள் அதன் கழுத்து நுழையவில்லை. அங்கிருந்து இருபதடி. இரும்புக் குழாய்களை உருளையாகப் போட்டு, கடப்பாரையால் நெம்பி நகர்த்தினார்கள். ஆனி மாதம் நெல்லையப்பர் தேருக்கு வடம் பிடித்த கைகள் அதில் நாலைந்து இருந்தன. எந்த இடத்தில் முட்டுக்கட்டை போட வேண்டும், யார் குரலுக்கு எல்லோரும் மூச்சுப் பிடிக்க வேண்டும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் யந்திரம் பீடத்தில் ஏறிற்று.

கொத்தனார் பெருமையோடு தம் ரசமட்டத்தை எடுத்து வைத்தார். குமிழி நடுவில் நின்றது. அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, தம் பையிலிருந்து வேறொன்றை எடுத்தார். ஒரு மீட்டர் நீளத்தில், ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாக வகுந்த ஒரு பங்கு உயர்வு தாழ்வைக்கூடக் காட்டிக்கொடுக்கும் மட்டம் அது. அதில் குமிழி ஓர் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. கொத்தனார் வெற்றிலை போடுகிற சாக்கில் வெளியே போய்விட்டார்.

மின்சாரம் கொடுத்ததும் சக் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. எல்லோரும் பதறினோம். மூன்று கம்பிகளில் இரண்டை மாற்றி முடுக்கினார் அண்ணாச்சி, சரியாகிவிட்டது. அதன் பிறகுதான் உண்மையான பரீட்சை. ஒரு தண்டைச் சக்கில் பிடித்து, அதில் ஓரடி இடைவெளியில் இரண்டு வளையங்களை, கத்தியைத் தொடாமல் ஒரே இழுப்பில் கடைந்தார். மைக்ராமீட்டரால் இரண்டையும் அளந்தார். இரண்டுக்கும் நூறில் ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம். தலைமயிர்க் கனம் இருக்கும்.

மைக்ராமீட்டரைப் பற்றி ஒரு கதை உண்டு. 1800-ஐ ஒட்டித் திருகு கடையும் லேத்தைச் செம்மைப்படுத்திய மாட்ஸ்லி என்ற ஆங்கிலேயர் தம் பட்டறையில் ஓர் அளவுகருவி வைத்திருந்தார். அதற்கு 'லார்ட் சான்ஸலர்' என்று பட்டப்பெயர். அதன் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

எங்களுக்கும் அப்பீல் இல்லை. கோளாறு கத்தியில் இல்லை, தேய்மானத்தில் இல்லை. நாலு கால்களில் ஒன்று துளி தாழ்ந்து, அவ்வளவு பெரிய வார்ப்பிரும்பு தன் பாரத்தாலேயே முறுகி இருந்தது. இரும்பு முறுகும் என்பதை நான் அன்றுதான் நம்பினேன். கோடியில் இருந்த திருகை ஒரு நூல் திருப்பினார், கடைந்தார், அளந்தார். மறுபடியும் திருப்பினார். சாயங்காலம் ஐந்து மணிக்கு வித்தியாசம் நூறில் ஒன்றுக்கு வந்தது. "மழை பெய்ஞ்ச பிறவு ஒரு தடவை பாத்துக்கிடணும்" என்று சொல்லிக் கை கழுவினார்.

அத்தை அதுவரை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எத்தனை வருஷம் உழைக்கும்?" என்று கேட்டாள்.

"நேரத்துக்கு எண்ணெய் விட்டா உங்க பேரன் காலத்துக்கும் ஓடும், ஆச்சி."

"வயலு எண்ணெய் கேக்காது" என்றாள் அத்தை.

யாரும் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? அரைக் கோட்டை விதைப்பாடு, ஏமாற்றாமல் நெல் கொடுத்த நிலம், இந்த இரும்பாக மாறி நிற்கிறது. தண்ணீர் இருந்தால் நிலம் தானே விளையும் என்று சொல்வது எளிது. அதற்குப் பின்னால் வரப்பு வெட்டியதும், கால்வாயில் முறை வரும் ராத்திரியில் மடைத் தலைப்பில் காவல் கிடந்ததும் அவள்தான். அவளுக்கே அது மறந்துபோயிருந்தது. கஷ்டம் மறந்து பலன் மட்டும் நினைவில் நிற்கிற சொத்துக்குத்தான் பரம்பரைச் சொத்து என்று பெயர் போலும். லேத் அந்த நிலைக்கு வர இன்னும் ஒரு தலைமுறை ஆகலாம். வராமலும் போகலாம். எங்கள் சீமையில் பூட்டிய கதவுக்குப் பின்னால் துருப்பிடித்து நிற்கும் பட்டறைகளும் உண்டு.

அந்த வாரமே வேலை வந்தது. அம்பாசமுத்திரத்து அரிசி ஆலை ஒன்றிலிருந்து ஒரு ஷாஃப்ட், பிறகு ஒரு பம்பு, பிறகு ஒரு டிராக்டர் சாமான். வட்டி கட்டுகிற அளவுக்கு வருமானம் இருக்கிறது; அசல் மெதுவாகத்தான் குறைகிறது என்கிறார் அத்தான்.

போன மாதம் அங்கே போய் இரண்டு நாள் தங்கியிருந்தேன். விடிகாலையில் அத்தை குரல் கேட்டு விழித்துக்கொண்டேன். முற்றத்தில் நின்றுகொண்டு மகனைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எலே, எண்ணெய் விட்டாச்சா?"

முப்பது வருஷமாக அந்த முற்றத்தில் அதே நேரத்தில் அவள் கேட்டுவந்தது, "வயலுக்குத் தண்ணி பாஞ்சாச்சா?" என்பது. குரலில் ஒரு மாற்றமும் இல்லை.