சபைக்கூச்சம் தீர்க்கும் சாலை

சித்தூரிலிருந்து திருமலை வரை: நாலு பேர் முன்னால் பாடவும் வாசிக்கவும் கை நடுங்குபவர்களுக்கு இந்த வழி நெடுகப் பாடம் இருக்கிறது

வேலூர்ப் பக்கமிருந்து சித்தூருக்குள் நுழையும் தமிழருக்கு வெளி மாநிலம் வந்துவிட்ட உணர்வே வருவதில்லை. கடைப் பெயர்ப்பலகைகளில்தான் தெலுங்கு. வாயைத் திறந்தால் பாதிப் பேர் தமிழில் பதில் சொல்கிறார்கள். மாந்தோப்புகளும் மாங்கூழ் ஆலைகளும் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவை. ஆனால் இசை ரசிகர்களுக்கு சித்தூர் என்பது இருவரின் பெயருக்கு முன்னால் நிற்கும் சொல்: சித்தூர் வி. நாகையா, சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை.

இருவருமே இந்த நகரில் பிறந்தவர்கள் அல்ல. நாகையா கடலோர ரேபல்லேக்காரர். சித்தூரின் ராம விலாச சபா நாடகங்களில் பாடி நடித்ததில் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிள்ளை பிறந்தது மாவட்டத்தின் மேற்கே உள்ள புங்கனூரில், 1898-ல். குருவைத் தேடி அவர் போனது காஞ்சிபுரம் நாயனா பிள்ளையிடம். சபைக்கூச்சம் உள்ள சீடனுக்கு அதைவிடப் பயங்கரமான இடம் இருக்க முடியாது.

காரணம், நாயனா பிள்ளையின் புகழ்பெற்ற 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரிகள். மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று தாள வித்வான்கள் மேடையை நிறைத்து உட்கார்ந்திருப்பார்கள். பாடகர் ஒரு அட்சரம் பிசகினால் பிடிக்க அத்தனை காதுகள். அந்த மேடையில் குருவுக்குப் பின்னால் அமர்ந்து பாடிப் பாடியே பிள்ளை வித்வானானார். கடினமான தாளங்களை நிதானம் இழக்காமல் கையாள்வது அவரது முத்திரை. 1954-ல் மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி பட்டம் வந்தது. அவரிடம் பயின்ற மதுரை சோமு பின்னாளில் எந்தக் கூட்டத்தையும் கட்டிப்போடும் பாடகரானார். கூச்சத்துக்கு சித்தூர் வழங்கும் முதல் மருந்து இது: தனியாகப் போய் நிற்காதே, பெரியவர்களின் முதுகுக்குப் பின்னால் இருந்து தொடங்கு.

கிட்டாரை மடியில் வைத்திருக்கும் இன்றைய இளைஞருக்கு இந்த வசதி குறைவு. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மாதக்கணக்கில் தனியாகப் பழகுகிறார். ஒருநாள் கல்லூரி விழாவில் முந்நூறு பேர் முன்னால் நிறுத்துகிறார்கள். உடம்பு இதை ஆபத்து என்றே கணக்கிடுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. ரத்தம் பெரிய தசைகளுக்குத் திருப்பிவிடப்படுவதால் விரல் நுனிகள் சில்லிடுகின்றன. உள்ளங்கை வியர்த்துக் கம்பியில் விரல் வழுக்குகிறது. ஓடித் தப்பிக்க உதவும் ஏற்பாடுகள்தான் எல்லாம். கிட்டார் வாசிக்க ஒன்றும் உதவாது.

மேதைகளுக்கும் விலக்கில்லை. செல்லோ மேதை பாப்லோ கசால்ஸ் 1901-ல் அமெரிக்காவில் ஒரு மலையில் இறங்கியபோது பாறை உருண்டு இடது கையை நசுக்கியது. 'அப்பாடா, இனி வாசிக்க வேண்டாம்' என்பதுதான் முதலில் மனதில் ஓடியது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். கை குணமானது, பயமும் கடைசிவரை கூடவே இருந்தது. இந்த நடுக்கத்துக்கு மாத்திரையும் உண்டு. இதயப் படபடப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து வாத்தியக் கலைஞர்களின் நடுக்கத்தைத் தணிப்பதாக லண்டன் 'லான்செட்' இதழ் 1977-லேயே ஆய்வு வெளியிட்டது. ஆனால் ஆஸ்துமாக்காரர்களுக்கு அது ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாத சமாச்சாரம்.

மாத்திரை இல்லாத வைத்தியம் பார்க்க வடகிழக்கே சுமார் எழுபது கிலோமீட்டர் போக வேண்டும். சற்று விலகினால் காணிப்பாக்கம். அங்குள்ள பிள்ளையார் முன் பொய்ச்சத்தியம் செய்யத்தான் பயப்படுவார்கள், பாடுவதற்கு அல்ல. அடுத்து சந்திரகிரியில் விஜயநகர மன்னர்களின் ராஜ மகால். பிறகு மலை தெரிகிறது. 2022-லிருந்து திருப்பதி தனி மாவட்டம்.

அலிபிரியிலிருந்து திருமலைக்கு சுமார் 9 கிலோமீட்டர், 3,550 படிகள். பஜனைக் கோஷ்டிகள் ஜால்ராவோடு பாடிக்கொண்டே ஏறுகின்றன. ஆயிரம் படிக்கு மேல் யாருக்கும் குரல் நிற்பதில்லை; மூச்சு வாங்குகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இருந்தும் பாட்டு நிற்பதில்லை. ஒருவர் விட்ட அடியை இன்னொருவர் எடுத்துக்கொள்கிறார். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மாடிப்படிகளில் ஓடி ஏறிவிட்டு, படபடப்பு அடங்குமுன் வாத்தியத்தை எடுத்து வாசிக்கச் சொல்வது மேலைநாட்டு இசை ஆசிரியர்கள் பலரின் உத்தி. துடிக்கும் நெஞ்சோடு வாசிப்பதும் பழகிவிட்டால், மேடையில் அதே துடிப்பு வரும்போது மனம் மிரளாது.

மேலே அன்னமாச்சாரியாரின் ராஜ்யம். 15-ம் நூற்றாண்டில் அவர் பாடிய கீர்த்தனைகள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுக் கோயிலின் ஒரு சிறு அறையில் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தன. அவற்றில் ராகத்தின் பெயர் உண்டு, ஸ்வரம் கிடையாது. இருபதாம் நூற்றாண்டில்தான் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றவர்கள் மெட்டமைத்தார்கள். 1978-ல் தேவஸ்தானம் அன்னமாச்சாரியார் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பாடகர் ஜி. பாலகிருஷ்ண பிரசாத், 2025-ல் காலமானவர், நூற்றுக்கணக்கான பாடல்களுக்குக் கூட்டமும் சேர்ந்து பாடக்கூடிய மெட்டுகள் தந்தார்.

மாலையில் சகஸ்ர தீபாலங்கார சேவையில் இந்தக் கீர்த்தனைகள் ஒலிக்கின்றன. ஆயிரம் விளக்குகள் நடுவே உற்சவர் ஊஞ்சலில் அசைகிறார். பக்தர்களின் கண்கள் அங்கேதான்; பாடுபவரை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. 'என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்' என்ற கேள்விதான் நடுக்கத்தின் வேர். அந்தக் கேள்விக்கே இங்கே இடமில்லை. தியாகராஜர் இதே சன்னிதியில் மூடிய திரைக்கு முன் நின்று பாட, திரை விலகியதாக ஒரு கதை வழங்குகிறது. எதிரே கேட்பவர் முகம்கூடத் தெரியாமல் பாடப்பட்ட பாட்டு அது.

எல்லோருக்கும் பக்தி கைகொடுக்காது. அவர்களுக்கு ஹார்வர்டு ஆய்வாளர் அலிசன் உட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட சோதனை உதவலாம். பாடப் போகுமுன் 'பதற்றமாக இருக்கிறது' என்றவர்களைவிட 'உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பாடினார்கள். படபடப்பை அடக்க வேண்டியதில்லை, பெயரை மாற்றினால் போதும்.

கோயிலுக்கு எதிரே நாத நீராஜனம் மேடையில் பாடுபவர்களுக்குத் தொலைக்காட்சிக் கேமராவும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் விமர்சகர்கள் அல்ல. மொட்டைத் தலையும் லட்டுப் பையுமாக வருகிறார்கள், பாதிப் பாட்டில் எழுந்து போகிறார்கள். பாட்டு பிடிக்காமல் அல்ல, கீழே இறங்கும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதைப் புரிந்துகொண்ட பாடகர் அடுத்த சரணத்தை நிம்மதியாக எடுக்கிறார்.