பத்துக்குப் பத்து அறையில் மானிட்டர் ஸ்பீக்கர்

பாட்டை ரசிக்க ஒரு ஸ்பீக்கர், அதில் குறை கண்டுபிடிக்க இன்னொன்று. ஸ்டூடியோ மானிட்டர் இரண்டாம் வகை. கூடத்தில் வைக்கும் ஸ்பீக்கர் பேஸைக் கொஞ்சம் தூக்கி, மேல் ஒலிகளுக்குக் கொஞ்சம் மினுமினுப்பு கூட்டிக் கேட்பவரைக் குஷிப்படுத்தும். அதை நம்பி மிக்ஸிங் செய்பவர், 'பேஸ் போதும் போதும்' என்று குறைத்துக்கொண்டே போவார். அதே பாட்டு வேறொருவர் வீட்டில் எலும்பும் தோலுமாக ஒலிக்கும். உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் மானிட்டரின் வேலை. அது சொல்வது காதுக்கு இனிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதற்கு யமஹா என்எஸ்-10 நல்ல சாட்சி. 1978ல் வீட்டு ஸ்பீக்கராக வந்தது, வீடுகளில் எடுபடவில்லை. ஆனால் வெள்ளைக் கூம்பு கொண்ட அந்த ஸ்பீக்கர் உலகம் முழுவதும் ஸ்டூடியோ மேஜைகளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதன் மேல் ஒலிகள் காதைக் குத்துகின்றன என்று ட்வீட்டர் மீது டிஷ்யூ தாளைத் தொங்கவிட்டு வேலை பார்த்தவர்களும் உண்டு. பேஸும் அதிகம் கிடையாது. இருந்தும் ஏன் அதை விடவில்லை? அதன் பெட்டியில் துளை இல்லை. டிரம்மில் ஓர் அடி விழுந்தால் அந்த ஒலி இழுபடாமல் சட்டென்று நின்றுவிடும். எது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது தெளிவாகக் கேட்கும். கூம்புக்கு வேண்டிய மரக்கூழ் கிடைக்காமல் போய், 2001ல் உற்பத்தி நின்றது.

இன்று குறைந்த பட்ஜெட்டில் கிடைக்கும் மானிட்டர்களில் பெரும்பாலானவை ஆம்ப்ளிஃபயரை உள்ளேயே வைத்திருப்பவை, துளையுள்ள பெட்டிகள். துளை இருப்பதால் சின்னப் பெட்டியும் கொஞ்சம் ஆழமான பேஸைக் கொடுக்கிறது; அந்தப் பேஸ் சற்று இழுபடுவது அதற்கான விலை. விளம்பரத் தாளில் முதலில் பார்க்க வேண்டியது வாட் கணக்கு அல்ல, அதிர்வெண் வீச்சு. யமஹாவின் எச்எஸ்5 மாடலை எடுத்துக்கொள்ளலாம். பெரிய எழுத்தில் 54 ஹெர்ட்ஸ் முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரை என்று இருக்கும். அது 10 டெசிபல் இறங்கிய பின் எடுத்த கணக்கு. 3 டெசிபல் இறக்கத்தோடு நிறுத்தினால் அதே ஸ்பீக்கர் 74 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. இந்த இரண்டாவது எண்ணை வெளிப்படையாகப் போடும் நிறுவனத்தை நம்பலாம். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அப்படியானால் அது கேட்காதா? கேட்கும். 82, 123 என்று அதன் மடங்குகள் ஒலிப்பதால் காது சுரத்தைப் புரிந்துகொள்கிறது. எத்தனை கனம் இருக்கிறது என்பதைத்தான் அந்த ஸ்பீக்கரால் சரியாகச் சொல்ல முடியாது.

உடனே 'எட்டு அங்குல வூஃபர் வாங்கிவிட்டால்?' என்று தோன்றும். கடையில் நன்றாகவே இருக்கும். வம்பு வீட்டில் தொடங்குகிறது, காரணம் அறை. நம் அடுக்ககங்களில் ரெக்கார்டிங்குக்கு ஒதுங்கும் அறை பெரும்பாலும் பத்துக்குப் பத்து. கூரையும் கிட்டத்தட்ட பத்தடி. ஒலிக்கு இதைவிட மோசமான வடிவம் இல்லை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே அரை அலை கச்சிதமாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் அறையே கூடச் சேர்ந்து முழங்கும். பத்தடிக்கு அது சுமார் 56 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் மூன்றும் அதே எண்ணில் வந்து குவிகின்றன. கணினியில் 56 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு அறைக்குள் நடந்து பார்த்தால் போதும்: மூலையில் வயிற்றைக் கலக்கும், நடு அறையில் ஸ்பீக்கரை யாரோ அணைத்துவிட்டதுபோல ஒலி காணாமல் போகும். இடையில் ஏதோ ஓர் இடத்தில் இரும்பு பீரோவின் கைப்பிடி கடகடக்கும். நாற்காலியை நடு அறையில் போட்டவர், இல்லாத பேஸைத் தேடித் தேடி ஏற்றுவார். காரில் போட்டுக் கேட்கும்போது கதவே அதிரும். எட்டு அங்குலம் இந்தக் கோளாறைத் தீர்க்காது, பெரிதாக்கும். இந்த அளவு அறைக்கு ஐந்து அங்குலமே போதும். மிச்சப் பணம் அறைக்குப் போக வேண்டும்.

அதற்கும் முன்னால், காசே இல்லாமல் செய்யக்கூடியது ஸ்பீக்கர் வைக்கும் இடம். இரண்டு ஸ்பீக்கரும் தலையும் சமபக்க முக்கோணமாக, பக்கம் மூன்றடி அளவில். ட்வீட்டர் காது உயரத்தில். நாற்காலி முன்சுவரிலிருந்து ஏறக்குறைய நாலடியில். ஸ்பீக்கரின் முகப்பு சுவரிலிருந்து மூன்றடி தள்ளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி சுமார் 94 ஹெர்ட்ஸில் நேர் ஒலியை விழுங்கிவிடும். ஓரடிக்குள் கொண்டுவந்தால் அந்தப் பள்ளம் 280க்கு மேலே ஏறும். அங்கே ஒலியை உறிஞ்சும் ஒரு பேனலால் சமாளிக்கலாம். சுவருக்கு அருகே பேஸ் கூடும். அதைக் குறைக்கத்தான் பின்பக்கத்தில் 'ரூம் கன்ட்ரோல்' சுவிட்ச் இருக்கிறது. வாங்கியவர்கள் பலர் அதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டும் வழக்கம் இன்னும் போகவில்லை. பேஸுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. மெல்லிய ஃபோமும் அப்படித்தான். மேல் ஒலிகளை மட்டும் தின்றுவிட்டு அறையை மந்தமாக்கும். மரச் சட்டத்தில் நாலங்குல ராக்வூல், மேலே துணி: இதைத் தச்சரே செய்துகொடுப்பார். முதலில் மூலைகளில், பிறகு பக்கச் சுவர்களில். பக்கச் சுவரில் எந்த இடம் என்பதற்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். ஒருவர் அதைச் சுவரோடு நகர்த்த, நாற்காலியில் இருப்பவருக்கு எந்த இடத்தில் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே பேனல். ஹார்வர்டில் அறை ஒலியியலைத் தொடங்கிவைத்த வாலஸ் சபைன் ஒலியுறிஞ்சலுக்கு அலகாக எடுத்துக்கொண்டது திறந்த ஜன்னலை. நம் தெருக்களின் ஹாரனுக்கு அந்த இலவச வழி ஒத்துவருவதில்லை.

கடைக்குப் போகும்போது நன்றாகப் பழகிய மூன்று நான்கு பாடல்களைக் கையோடு கொண்டுபோவது நல்லது. ஒப்பிடும் ஸ்பீக்கர்களைச் சம சத்தத்தில் வைக்கச் சொல்ல வேண்டும். சத்தம் கூடினால் காதுக்குப் பேஸும் மேல் ஒலிகளும் கூடித் தோன்றும். ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் இதை 1933லேயே வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். சத்தமாக ஒலிப்பதே நல்லதென்று தோன்றிவிடும், விற்பவருக்கும் அது தெரியும். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு புள்ளியில் நிற்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். பாட்டே ஓடாதபோது ட்வீட்டரிலிருந்து 'உஸ்' என்ற இரைச்சல் எவ்வளவு வருகிறது என்று காதை அருகில் வைத்துப் பார்க்கலாம். விலைச்சீட்டு ஒன்றுக்கா ஜோடிக்கா என்பதையும் கேட்டுவிட வேண்டும். ஆன்லைனில் மலிவாகக் கிடைத்ததென்று மகிழ்ந்து, ஒற்றை ஸ்பீக்கர் வந்து இறங்கியபின் முழிப்பவர்கள் உண்டு. பட்ஜெட்டில் பேலன்ஸ்டு கேபிளுக்கும் ஒரு தொகை ஒதுக்கிவிட்டால் 'ஹம்' தொல்லை பெருமளவு குறையும்.

இரவில் ஸ்பீக்கர் போட முடியாத வீடுகளில் ஹெட்ஃபோனே பாதி வேலையைச் செய்கிறது. அதில் அறையின் கோளாறு இல்லை, ஆனால் இடம் வலம் பிரிவு மிகையாகத் தெரியும். ஒன்றில் எடுத்த முடிவை மற்றதில் சரிபார்ப்பார்கள். புதிதாக வாங்கிய மானிட்டரில் முதல் சில வாரங்கள் மிக்ஸிங் செய்யாமல், பேச்சுக்குரல் அளவு சத்தத்தில் பழகிய பாட்டுகளை மட்டும் ஓடவிட்டால் அதன் குணம் காதில் படிந்துவிடும். அப்போது வால்யூம் குமிழ் நின்ற இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்வார்கள்.